பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது: கோவாவும் லண்டனும்

2008-இல் கோவாவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐந்தாண்டு கழித்து, 2013-இல், லண்டனிலிருந்து இன்னொன்று. முன்னதை நடத்தியது அமித் டயஸ், விக்ரம் படேல் முதலியோர் அடங்கிய குழு. பின்னதை நடத்தியது யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் கில் லிவிங்ஸ்டனின் குழு. இரண்டும் கேட்ட கேள்வி ஏறத்தாழ ஒன்றே. டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ, மருத்துவர் அல்லாத ஒருவர், கொஞ்சம் பயிற்சி பெற்ற ஒருவர், வீடு தேடிப் போய்த் துணை நின்றால் அவர்கள் மனம் தேறுமா? இரண்டுக்கும் கிடைத்த விடையும் ஒன்றே. தேறும்.

விடை ஒன்றாக இருக்கிற இரண்டை ஏன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். விடை கிடைத்தபின் என்ன ஆனது என்று பார்க்கத்தான். முதியோர் பராமரிப்பு என்று பேச்செடுத்தால் "அதற்கெல்லாம் சரியான ஆய்வு இல்லையே" என்று தட்டிக்கழிப்பது எங்கும் வழக்கம். இங்கே ஆய்வு இருக்கிறது. குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உதவி கொடுத்து, மறு பகுதியோடு ஒப்பிட்டு, முறையாகச் செய்த ஆய்வு. அப்படியிருந்தும் அந்த உதவி கிடைக்காத வீடுகள்தான் இரண்டு நாட்டிலும் அதிகம்.

இந்த விஷயம் எனக்குப் புத்தகத்தில் தொடங்கியதில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் பெரியம்மா, பெரியப்பாவை ஏழு வருடம் பார்த்துக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரமானால் பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுவார். அவர் நிற்பதே அவர் கட்டிய வீட்டில்தான். வாசல் கேட்டின் சாவியைப் பெரியம்மா அரிசித் தவலைக்குள் புதைத்து வைப்பார். இரவில் இரண்டு முறை, மூன்று முறை அரிசியைக் கிளறிச் சாவி இருக்கிறதா என்று பார்ப்பார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தோம். அரிசிக்குள் கைவிட்டுக்கொண்டு நின்ற பெரியம்மாவிடம் "நீ தூங்கினியா" என்று நான் கேட்டதாக நினைவில்லை.

கோவாவும் லண்டனும் அதைத்தான் கேட்டன. இரண்டு ஆய்வுகளிலும் முதன்மையாக அளக்கப்பட்டது நோயாளியின் நினைவாற்றல் இல்லை, பார்த்துக்கொள்பவரின் மனம். நோயைத் திருப்பும் மருந்து கைவசம் இல்லாத நிலையில், அந்த வீட்டில் எதை மாற்ற முடியுமோ அதை அளந்தார்கள். இந்த முடிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கோவா ஆய்வுக்கு ஒரு பின்னணி உண்டு. 1998-இல் கொச்சியில் அல்சைமர் நோய்க்கான உலக அமைப்பின் கூட்டத்தையொட்டி ஓர் ஆய்வுக் குழு பிறந்தது. அதன் பெயரே ஒரு கணக்கு: 10/66. உலகில் மறதி நோயோடு வாழ்ந்தவர்களில் 66 சதவீதத்தினர் அப்போது வளரும் நாடுகளில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நடந்த ஆய்வோ 10 சதவீதம்கூடத் தேறவில்லை. பிற்பாடு சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்தது இந்தக் குழுதான். அந்த அக்கறையின் தொடர்ச்சியாகவே கோவாவின் வீட்டுத் துணை ஆய்வு வந்தது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது 7.4 சதவீதத்தினருக்கு, இந்த நோய் இருக்கும் என்று 2023-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. பிரிட்டன் முழுவதிலும் அந்த எண்ணிக்கை 9 லட்சத்துக்கு மேல்.

வீட்டுக்குப் போனவர் யார் என்பதிலிருந்து வேறுபாடு தொடங்குகிறது. கோவாவில் திஸ்வாடி, பார்தேஸ் என்ற இரண்டு தாலுகாக்களை எடுத்துக்கொண்டு, தாலுகாவுக்கு ஒருவராக முழுநேர வீட்டுத்துணை ஆலோசகர்களை அமர்த்தினார்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், உள்ளூர் மொழி பேசுபவர்கள். ஒரு வாரம் கடுமையான பயிற்சி. அவர்களுக்குப் பின்னால் அரசு மருத்துவத் துறையின் மனநல மருத்துவர் ஒருவர், பகுதிநேர ஆலோசகர் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டுக்குப் போக வேண்டும், ஆறு மாதம். லண்டனில் போனவர்கள் உளவியலில் பட்டம் பெற்ற இளைஞர்கள். மருத்துவ உளவியலாளராகத் தகுதி பெறாதவர்கள். அவர்கள் கையில் ஒரு கையேடு. எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் இன்னதைப் பற்றியது என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் டொலோரஸ் கேலகர்-தாம்சன் உருவாக்கிய ஒரு பயிற்சியை இங்கிலாந்துக்கு ஏற்றபடி மாற்றியது. அதன் பெயர் 'ஸ்டார்ட்'.

உள்ளே என்ன நடந்தது என்பதில் இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். லண்டன் கையேடு மனத்திலிருந்து தொடங்குகிறது. அழுத்தம் என்றால் என்ன, நோயாளியின் எந்தச் செயல் உங்களைக் கலங்கடிக்கிறது, அது நடப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதி வரச் சொல்கிறது. "நான் ஒரு நல்ல மகளாக இருந்தால் எனக்கு எரிச்சல் வராது" என்பது மாதிரியான எண்ணங்களை எடுத்து வைத்து, அது உண்மைதானா என்று பேச வைக்கிறது. எங்கே உதவி கிடைக்கும், நாளைக்கு நோய் முற்றினால் என்ன ஏற்பாடு, உங்களுக்கே பிடித்த காரியம் ஒன்றை வாரத்தில் எப்போது செய்வீர்கள் என்றும் கேட்கிறது. ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் உடலையும் மனத்தையும் தளர்த்தும் பயிற்சி ஒன்று. அதை வீட்டில் கேட்க ஒலித்தட்டும் உண்டு. பேச்சு நடக்கும்போது நோயாளி அந்த அறையில் இருப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் முழுக்கப் பார்த்துக்கொள்பவருக்கு மட்டும்.

கோவாவின் ஆலோசகர் வாசலிலிருந்து தொடங்கினார் என்று சொல்லலாம். முதல் வேலை, இது நோய் என்று சொல்வது. கேரளத்தில் முதுமையில் வரும் இந்த மாற்றத்தைச் 'சின்னன்' என்று சொல்வார்கள், சின்னப்பிள்ளைத்தனம் என்ற பொருளில். நம் ஊரிலும் "வயசானா குழந்தைதானே" என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அதில் ஒரு கனிவு இருக்கிறது. ஆனால் குழந்தை என்றால் சொன்னால் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. கேட்காதபோது வேண்டுமென்றே செய்கிறார் என்ற கோபம் வருகிறது. நோய் என்று தெரிந்த நாளில் அந்தக் கோபத்தில் பாதியாவது இறங்கும். அதன்பிறகு குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துப்போவது ஆகியவற்றில் கைகொடுப்பது; தொந்தரவு மிஞ்சினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது; இதே நிலையில் உள்ள அக்கம்பக்கக் குடும்பங்களை ஒன்றோடொன்று அறிமுகப்படுத்துவது; முதியோருக்கான அரசுத் திட்டங்களைப் பெற வழி சொல்வது. எட்டு அமர்வு, பத்து அமர்வு என்ற வரையறை கிடையாது. எந்த வீட்டுக்கு எது தேவையோ அது.

எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், பெரியம்மாவுக்கு முதலில் கோவா, பிறகு லண்டன் என்பேன். ஆறு மாதம் தூங்காதவரிடம் எண்ணங்களை எழுதிவரச் சொன்னால் அவர் எழுதமாட்டார். ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கியபிறகு எழுதுவார்.

நோயாளிகளைக் கண்டுபிடித்த விதமும் இரண்டு ஊர்களின் நிலையைக் காட்டிவிடுகிறது. லண்டன் குழு, நினைவாற்றல் சிகிச்சை மையங்களுக்கு முந்தைய ஓராண்டுக்குள் அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்களை அணுகியது. மொத்தம் 260 பேர். 173 பேருக்குப் பயிற்சி, 87 பேருக்கு வழக்கமான சேவை. கோவாவில் அப்படிப்பட்ட மையமும் பட்டியலும் இல்லை. ஊரில் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் வீடுகளை அடைந்தார்கள். 81 குடும்பங்கள், 41 குடும்பங்களுக்கு உடனே துணை, மற்ற 40 குடும்பங்களுக்கு நோயைப் பற்றிய தகவலும், ஆறு மாதம் கழித்துத் துணையும். அந்த ஆறு மாதத்துக்குள் 81 நோயாளிகளில் 18 பேர் இறந்துபோனார்கள். நோய் லேசானதோ நடுத்தரமானதோதான் என்று வகைப்படுத்திச் சேர்த்தவர்களில் 18 பேர். உடம்புக்கும் மனத்துக்கும் எவ்வளவு காலமாகக் கவனிப்பு இல்லாமல் கிடந்திருந்தால் இப்படி ஆகும் என்று நினைக்காமல் அந்த எண்ணைத் தாண்டிப் போக முடியவில்லை. துணை கிடைத்த பகுதியில் இறப்புக் குறைவாகவே இருந்தது. ஆனால் எண்ணிக்கை சிறியதாகையால் அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள்.

முடிவுகளிலும் அதே நேர்மை உண்டு. கோவாவில் பார்த்துக்கொள்பவரின் மனநலம் தேறியது. நோயாளியின் நடத்தையால் அவர் படும் வேதனை குறைந்தது. அந்த நடத்தை குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரியப்பா அப்போதும் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார், பெரியம்மாவுக்கு அது முன்போல் நெஞ்சை அடைத்திருக்காது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். லண்டனில் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. அதைவிட முக்கியம், அவர்கள் விடாமல் பின்தொடர்ந்தது. இரண்டாம் ஆண்டில், பயிற்சி பெறாதவர்களிடம் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு காணப்படும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு. ஆறாம் ஆண்டிலும் ஐந்து மடங்கு. செலவு கூடவில்லை. எட்டே அமர்வுகளின் பயன் ஆறு ஆண்டு நின்றது என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் லண்டனுக்கும் ஓர் எல்லை உண்டு: ஆய்வாளர்களின் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஒதுக்குப்புறத்தில் தனியாக நின்று பார்த்துக்கொள்பவர் அந்தக் கணக்கில் இல்லை.

இனி, ஆய்வு முடிந்த மறுநாள்.

இங்கிலாந்தில் இந்த ஆதாரம் போய்ச் சேர இடம் இருந்தது. 2014-இல் வந்த பராமரிப்புச் சட்டப்படி, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன தேவை என்று மதிப்பிட வேண்டியது உள்ளாட்சி மன்றத்தின் கடமை. மருத்துவத்துக்கும் சமூகப் பராமரிப்புக்கும் வழிகாட்டு நெறிகளை வகுக்கும் 'நைஸ்' என்ற தேசிய நிறுவனம் 2018-இல் மறதி நோய்க்கான நெறியை வெளியிட்டபோது, பார்த்துக்கொள்பவர்களுக்கு இப்படிப்பட்ட பயிற்சி தரப்பட வேண்டும் என்று எழுதியது. ஆய்வாளர்களும் சும்மா இருக்கவில்லை. கையேட்டைப் பொதுவில் வைத்தார்கள், பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி நடத்தினார்கள், அல்சைமர் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் ஊழியர்களைக் கொண்டு சிறிய அளவில் நடத்தியும் பார்த்தார்கள்.

அப்படியும் இடையில் ஒரு பள்ளம். அதே 'நைஸ்' 2011-இல் மறதி நோய்க்கான டோனெபெசில் முதலிய மாத்திரைகளைப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை வேறு வகை: மூன்று மாதத்துக்குள் தேசிய மருத்துவச் சேவை அதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வழிகாட்டு நெறியில் எழுதப்பட்ட பயிற்சிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. மாத்திரைக்கு ஒரு வரவு செலவுத் தலைப்பு இருக்கிறது; வீட்டுக்குப் போய்ப் பேசுகிற மனிதருக்கு இல்லை. நோயைக் கண்டறிவது மருத்துவச் சேவையின் வேலை, பார்த்துக்கொள்பவரின் தேவையை மதிப்பிடுவது 150-க்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் வேலை. ஸ்டார்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உளவியல் பட்டதாரிக்கு யார் சம்பளம் தருவது? பயன் மருத்துவமனைக்கா, மன்றத்துக்கா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் இல்லாததால் பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது.

கோவாவுக்கு அந்தப் பள்ளம்கூட வாய்க்கவில்லை. இரண்டு கரை இருந்தால்தானே நடுவில் பள்ளம். திட்டம் முடிந்தால் ஆலோசகரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் துறை எது? 2007-இல் நாம் கொண்டுவந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறது. பார்த்துக்கொள்ளாவிட்டால் தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லும். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. கைவிடப்பட்ட பெற்றோருக்கு அது வேண்டிய சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கைவிடாமல் ஏழு வருடம் பார்த்தவருக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் கிடையாது. இங்கிலாந்துச் சட்டம் அவரை உதவி தேவைப்படுகிற மனிதராகப் பார்க்கிறது. நம் சட்டம் கடமை தவறக்கூடியவராகப் பார்க்கிறது. ஆய்வு முடிவு போய் உட்கார வேண்டிய இடமே இதனால் அடைபட்டுப்போகிறது. குடும்பத்தின் கடமை என்று சொல்லி முடித்துவிட்ட காரியத்தில் அரசுக்கு என்ன ஆதாரம் தேவைப்படும்?

இவ்வளவு வேறுபாட்டுக்கும் நடுவே இரண்டுக்கும் பொதுவான ஒன்றை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆய்வைச் சுருக்கிச் சொல்லும்போது முதலில் உதிர்ந்துபோவது அதுதான். லண்டனில் போன பட்டதாரிகள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவ உளவியலாளரோடு உட்கார்ந்து, எந்த வீட்டில் என்ன சொன்னோம், எங்கே திணறினோம் என்று பேசினார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் அமர்வு ஒலிப்பதிவாகி, கையேட்டிலிருந்து விலகினார்களா என்று சரிபார்க்கப்பட்டது. கோவாவில் ஆலோசகருக்குக் கை எட்டாமல்போன இடத்தில் மனநல மருத்துவர் வந்து நின்றார். "சாதாரணப் பெண்ணே போதும், குறைந்த செலவில் முடியும்" என்று இவ்விரண்டு ஆய்வுகளையும் படித்துவிட்டுச் சொல்வது எளிது. பின்னால் நின்ற அந்த ஆளின் நேரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் ஆய்வு வென்றது. அவரை எடுத்துவிட்டு முன்னால் போகிறவரை மட்டும் அனுப்பினால், நாம் செய்வது ஆய்வில் சோதிக்கப்படாத வேறொன்று. அது தோற்றால் பழி அந்தப் பெண்ணின் தலையில் விழும். ஆதாரத்தைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது: வீட்டுக்குப் போகிறவர் யாரிடம் போய்ப் பேசுவார், மாதத்தில் எந்த நாளில், அதற்கு யார் சம்பளம்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கற்பனையானதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், சுய உதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாகக் கொண்டு வீட்டுக்கே இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுபோகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் போகிறார்கள். கோவா ஆலோசகரின் தகுதியும் லண்டனுக்குக் கிடைக்காத ஊர்ப் பழக்கமும் ஒருங்கே உள்ள ஒருவர் ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். கோவாவுக்கு இல்லாமல் போன சம்பளப் பட்டியல் இங்கே இருக்கிறது. அவர் கையில் இன்னொரு காரியத்தைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எதைக் குறைப்பது, அவருக்குப் பின்னால் யாரை நிறுத்துவது என்பதை ஒரு மாவட்டத்தில் முறையாகச் சோதித்துப் பார்க்கலாம். பாதி விடை கோவாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்துவிட்டது. மீதியை இங்கேதான் எடுக்க முடியும்.

பெரியப்பாவின் கடைசி வருடத்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சுகாதாரத் தன்னார்வலர் ஒருவரை நான் ஒரு முறை பார்த்தேன். பெரியப்பாவுக்கு அழுத்தம் பார்த்துவிட்டுக் கருவியைச் சுருட்டப் போனவர், "உங்களுக்கும் ஒருதடவ பாத்துரலாமா பெரியம்மா" என்றார். "எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான இருக்கேன்" என்று பெரியம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். விடவில்லை அந்தப் பெண். 170-ஐத் தாண்டியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்றைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாவி, அரிசித் தவலை, பொழுது சாய்ந்தால் படுகிற பாடு எல்லாவற்றையும் பெரியம்மா சொன்னார். முக்கால் மணி நேரம் இருக்கும்.

போகும்போது அந்தப் பெண் சொன்னார்: "எங்க அப்பாயியும் இப்படித்தான் பெரியம்மா. கதவு கண்ணுல பட்டாத்தான் போகணும்னு தோணும். ஒரு துணியப் போட்டு மறைச்சுப் பாருங்க." பயிற்சியில் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லையாம். இதை நான் ஆதாரமாக வைக்கவில்லை. ஒரு வீட்டில் நடந்தது, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பெரியம்மா பெரியப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை வாசற்கதவுக்குக் குறுக்கே கொடிபோட்டுத் தொங்கவிட்டார். விளக்கு வைத்ததும் பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். வேட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்து, காப்பி கேட்டார்.